ஞாயிறு சால்னாவுக்கு வீட்டு பன்: ஓடிஜியா, பிரெட் மேக்கரா, தோசைக்கல்லா?

வார இறுதியில் எல்லோரும் வீட்டில் இருக்கும்போது சால்னா, பாயா, குருமா என்று ஏதாவது ஒன்றைக் கனமாகச் செய்து, அதில் தோய்த்துச் சாப்பிடப் புதிதாகச் சுட்ட பன் வைக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் நேரே ‘எந்த ஓடிஜி (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார பேக்கிங் அடுப்பு) நல்லது?’ என்ற இடத்தில்தான் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட வேண்டும். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், வாரத்துக்கு எத்தனை முறை சுடப் போகிறீர்கள், அந்த நேரத்தில் கேஸ் அடுப்பு காலியாக இருக்குமா. மூன்றில் கடைசிதான் எல்லோரும் மறப்பது. இரண்டு பர்னர் அடுப்பில் ஒன்றில் மட்டன் குக்கர், மற்றதில் தாளிப்பு என்று ஓடிக்கொண்டிருக்கும்போது பன் சுட இடம் எங்கே?

ஒப்பிட வசதியாக ஓர் அளவை நிலையாக வைத்துக்கொள்வோம். ஐந்து பேருக்கு மைதா 500 கிராம், தண்ணீர் 300 மில்லி (மாவு இழுத்தால் இன்னும் 10 மில்லி), சர்க்கரை 25 கிராம், வெண்ணெய் 30 கிராம், உப்பு 9 கிராம். இன்ஸ்டன்ட் டிரை ஈஸ்ட், அன்றே சுடுவதானால் 5 கிராம். இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைப்பதானால் 3 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். மொத்தம் சுமார் 870 கிராம் மாவு உருண்டை கிடைக்கும். ஒன்பதுக்கு ஐந்து அங்குல டின்னில் ஒரு முழு பிரெட்டாகச் சுடலாம். அல்லது 54 கிராம் வீதம் 16 உருண்டை பிடித்து, பத்து அங்குலச் சதுர டின்னில் நான்குக்கு நான்காக அடுக்கலாம். சால்னாவுக்கு இரண்டாவதுதான் சரி. பிய்த்துத் தோய்க்க வாகாக இருக்கும், சுடும் நேரமும் பாதி.

எந்த அடுப்பு வாங்கினாலும் வாங்காவிட்டாலும் ஒரு டிஜிட்டல் தராசு வாங்கிவிடுங்கள். ஒரே கப்பில் தளர்வாக அள்ளினால் மைதா 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150 கிராம். நாலு கப்புக்கு 120 கிராம் வித்தியாசம் வந்தால் எந்தச் சமையல் குறிப்பும் தாங்காது.

தோசைக்கல்: செலவில்லாத வழி, ஆனால் நேரம் பிடிக்கும்

புதிதாக ஒன்றும் வாங்க விருப்பமில்லை, அல்லது இந்தப் பழக்கம் நிலைக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றால் கனமான இரும்புத் தோசைக்கல் போதும். 54 கிராம் உருண்டைகளை ஒன்றரை செ.மீ. கனத்துக்குத் தட்டி, ரவை தூவிய தட்டில் 40 நிமிடம் உப்ப விட வேண்டும். கல்லை நிதானமாகக் காய வைத்து, தீயைக் குறைத்து, நான்கு பன் வைத்து மூடியால் மூடி, பக்கத்துக்கு ஆறேழு நிமிடம். மேலும் கீழும் பொன்னிறம், ஓரம் மட்டும் வெள்ளையாக இருக்கும். அந்த ஓரத்தை விரலால் அழுத்தினால் திரும்ப எழும்பி வர வேண்டும். அமுங்கியே கிடந்தால் உள்ளே வேகவில்லை. தீ அதிகமானால் வெளியே கருகி உள்ளே பிசுபிசுக்கும். இந்த முறையில் கெடுவதெல்லாம் அவசரத்தால்தான்.

குறை என்னவென்றால், 16 பன்னுக்கு நான்கு ஈடு. ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஒரு பர்னர் முழுக்கப் போய்விடும். நான்காவது ஈடு கல்லில் ஏறுவதற்குள் காத்திருக்கும் உருண்டைகள் அதிகம் புளித்துத் தொய்ந்துவிடும். எட்டு உருண்டையைத் தட்டியதும் மீதி எட்டை ஃப்ரிட்ஜில் வைத்து, முதல் ஈடு கல்லில் ஏறும் நேரத்தில் வெளியே எடுப்பதே வழி. நான்-ஸ்டிக் கல்லில் இதைச் செய்ய வேண்டாம். காலியாக நெடுநேரம் காய்ந்தால் அதன் பூச்சு கெட்டுவிடும்.

இதே வகையில் பலர் செய்வது குக்கரில் பிரெட் சுடுவது. கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, அதன்மேல் டின். வேகும், சந்தேகமில்லை. ஆனால் மேலிருந்து சூடு இல்லாததால் தலை வெளுத்தே இருக்கும். கடைசியில் தோசைக்கல்லில் கவிழ்த்து நிறம் ஏற்ற வேண்டும். அதைவிட முக்கியமானது மூடியில் இருக்கும் சேஃப்டி வால்வு. குக்கரில் தண்ணீர் வற்றிச் சூடு ஏறினால் உருகித் திறந்துகொள்வதற்காகவே அது இருக்கிறது. தண்ணீரே இல்லாமல் முக்கால் மணி நேரம் சூடாக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காலிக் குக்கரைச் சூடாக்காதீர்கள் என்று கையேடுகள் சொல்வதும் இதனால்தான். சூடு அடைத்து வைத்தே ஆக வேண்டும் என்றால் நல்ல குக்கரைப் பாழாக்காமல் பழைய கனமான அலுமினியப் பாத்திரத்தையோ இரும்புச் சட்டியையோ பயன்படுத்துங்கள். ஞாயிற்றுக்கிழமை குக்கருக்கு எப்படியும் மட்டன் வேலை இருக்கும்.

ஓடிஜி: வார இறுதிக்கென்றே ஏற்றது

நான்கைந்து பேர் இருக்கும் வீட்டில், வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை சுடுகிறவர்களுக்கு ஓடிஜிதான் எங்கள் தேர்வு. 16 பன்னும் ஒரே ஈடாக 18 முதல் 20 நிமிடத்தில் வந்துவிடும், அடுப்பு இரண்டு பர்னரும் சால்னாவுக்கு விடுதலை. மீன், கோழி, கேக், காய்கறி எல்லாவற்றுக்கும் உதவும்.

வாங்கும்போது லிட்டரைவிட உயரத்தைப் பாருங்கள். 16, 18 லிட்டர் அடுப்பில் பிரெட் டின் உள்ளே போகும், ஆனால் மாவு டின்னுக்கு மேல் நாலைந்து செ.மீ. எழும்பியதும் மேல் கம்பிக்கு மிக அருகில் வந்து, பத்தாவது நிமிடத்திலேயே தலை கருகும். எழும்பிய பிரெட்டின் உச்சிக்கும் கம்பிக்கும் நடுவில் குறைந்தது ஏழெட்டு செ.மீ. இடைவெளி வேண்டும். அதனால் 28 லிட்டருக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. பன் மட்டும்தான் சுடுவேன் என்றால் சிறியதே போதும்.

அடுத்தது பிளக். 28 லிட்டர் ஓடிஜி பெரும்பாலும் 1500 வாட்ஸோ அதற்கு மேலோ இழுக்கும். 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியர். மிக்ஸிக்கு இருக்கும் சின்ன 6 ஆம்ப் பாயிண்டில் கன்வெர்ட்டர் போட்டுச் செருகினால் சாக்கெட் சூடேறி உருகும். 16 ஆம்ப் பாயிண்ட் சமையலறையில் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியன் செலவையும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள். முன்சூடு உட்பட ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அதிகபட்சம் ஒன்றரை யூனிட். தெர்மோஸ்டாட் விட்டு விட்டு எரிவதால் நடைமுறையில் அதைவிடக் குறையும்.

ஓடிஜியின் பெரிய குறை அதன் திருகு பொய் சொல்வது. 190 என்று வைத்தால் உள்ளே 170 இருக்கலாம், 210ம் இருக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் அடுப்புத் தெர்மாமீட்டர் ஒன்றைக் கம்பித்தட்டில் நிற்க வைத்து ஒருமுறை சரிபார்த்து, வித்தியாசத்தைக் கதவிலேயே ஒட்டி வைத்துவிட்டால் பிறகு தலைவலி இல்லை. இன்னொன்று: முன்சூட்டில் விளக்கு முதல்முறை அணைந்ததும் சூடாகிவிட்டது என்று டின்னை வைக்கக் கூடாது. அப்போது காற்று மட்டும்தான் சூடாகியிருக்கும், சுவர்கள் இல்லை. கதவைத் திறந்ததும் எல்லாம் இறங்கிவிடும். 15 நிமிடம் முழுசாக விடுங்கள்.

முழு பிரெட்டுக்கு 190 டிகிரி, கீழிருந்து இரண்டாவது தட்டு, மேல் கீழ் இரண்டு கம்பியும், 35 முதல் 38 நிமிடம். தலை சீக்கிரம் சிவந்தால் 20ஆவது நிமிடத்தில் ஃபாயில் மூடலாம். ஃபேன் ஓடும் மோடில் 15 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் இருந்தால் 93 முதல் 95 டிகிரி வந்ததும் எடுக்கலாம். டின்னிலேயே விட்டு ஆற வைத்தால் ஆவி உள்ளே அடைந்து பக்கங்கள் உள்வாங்கும். ஐந்து நிமிடத்தில் கவிழ்த்துக் கம்பியில் வைத்துவிட வேண்டும்.

பிரெட் மேக்கர்: தினமும் சாப்பிடுகிறவர்களுக்கு

மாவு, தண்ணீர், ஈஸ்ட் போட்டுப் பொத்தானை அழுத்தினால் பிசைந்து, உப்ப வைத்து, சுட்டும் தந்துவிடும். ஓடிஜியை விடக் குறைந்த வாட், பொதுவான புரோகிராம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடக்குறைய. காலையில் தினமும் பிரெட் போகும் வீட்டுக்கு இதைவிட நல்ல சாதனம் கிடையாது. வார இறுதிக்கு மட்டும் என்றால் கை நழுவ விடலாம். ஒரு நேரத்தில் ஒரு பிரெட்தான், அதுவும் பெட்டி வடிவத்தில், அடியில் பிசையும் கத்தி விட்ட ஓட்டையோடு. பன் கிடையாது.

நம் ஊர்ச் சூட்டில் இதற்கென்று ஒரு தனிப் பிரச்சினை உண்டு. மெஷினோடு வரும் குறிப்புப் புத்தகம் குளிர்ந்த சமையலறையை மனதில் வைத்து எழுதியது. 32 டிகிரி அறையில் அதே அளவைப் போட்டால் மாவு வேகமாகப் பொங்கி, சுடும் நேரத்துக்குள் களைத்து, நடுவில் குழி விழும். ஃப்ரிட்ஜ் தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டைக் கால் பங்கு குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இரவே போட்டு விடியற்காலை சுடும்படி டைமர் வைப்பதானால் பால், முட்டை சேர்க்க வேண்டாம். எட்டு மணி நேரம் வெளியில் கிடந்தால் கெட்டுவிடும்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் வார இறுதிக்காரர்களும் இதை யோசிக்கலாம். மணிக்கட்டு வலி, மூட்டு வலி என்று பிசைய முடியாதவர்கள் இதன் ‘டோ’ புரோகிராமில் மாவை மட்டும் தயார் செய்து, பன்னாகப் பிடித்துத் தோசைக்கல்லிலோ ஓடிஜியிலோ சுடலாம். சில டேபிள்டாப் கிரைண்டர்களோடு வரும் மாவு பிசையும் பகுதியும் இதே வேலையைச் செய்யும் என்பதால், அலமாரியில் அது இருக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்கள்.

ஏற்கெனவே வீட்டில் இருப்பவை

கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் இருந்தால் ஓடிஜி வாங்க அவசரமில்லை. கன்வெக்‌ஷன் மோடில், தாழ்ந்த கம்பி ஸ்டாண்டில், 180 முதல் 190 டிகிரியில் சுடலாம். அடிப்பக்கம் கொஞ்சம் வெளுத்திருக்கும். கடைசி ஐந்து நிமிடம் டின்னிலிருந்து எடுத்துக் கவிழ்த்து வைத்தால் போதும். சுழலும் தட்டு இடிக்காத அளவு டின்தான் போகும், அதனால் எட்டு அங்குல வட்ட டின்னில் எட்டு பன், இரண்டு ஈடு. வெறும் மைக்ரோவேவ் மோடில் பிரெட் வேகாது; ரப்பராகும்.

ஏர் ஃபிரையரில் ஐந்தாறு பன், 160 டிகிரி, 12 முதல் 14 நிமிடம். கம்பி மிக அருகில் இருப்பதால் மேல்பக்கம் சட்டென்று சிவக்கும். இரண்டு பேர் வீட்டுக்குச் சரி.

அன்றே பிசைவதா, முந்தைய இரவா?

அடுப்பை விட இந்த முடிவுதான் ருசியையும் ஞாயிற்றுக்கிழமை நிம்மதியையும் தீர்மானிக்கிறது. எங்கள் ஓட்டு இரவுக்கே.

அன்றே பிசைந்தால் சென்னைச் சூட்டில் முதல் உப்பல் 45 நிமிடத்தில் முடிந்துவிடும், இரண்டாவது அரை மணியில். வேகம் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் ருசி வளர நேரம் இருப்பதில்லை, பத்து நிமிடம் தவறினால் கள் வாடை அடிக்கிறது. மட்டன் கழுவிக்கொண்டிருக்கும்போதோ விருந்தாள் வாசலில் நிற்கும்போதோ அந்தப் பத்து நிமிடம் தவறத்தான் செய்யும். நான்கு டிகிரி ஃப்ரிட்ஜில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் மெதுவாக உப்பும் மாவுக்கு மணமும் அதிகம், ஒரு மணி நேரம் முன்னே பின்னே ஆனாலும் கோபித்துக்கொள்ளாது.

பிசையாமலே 12 முதல் 18 மணி நேரம் வெளியில் விடும் முறை ஒன்றும் இருக்கிறது. நியூயார்க்கின் பேக்கரிக்காரர் ஜிம் லாஹி செய்துவந்த இது, 2006இல் பத்திரிகை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. அங்கத்திய குளிருக்கு ஏற்ற நேரக்கணக்கு அது. இங்கே கோடையில் 18 மணி நேரம் விட்டால் கூழாகிவிடும். ஆறேழு மணி நேரத்தோடு நிறுத்த வேண்டும். மேலோடு கடினமாக, உள்ளே பெரிய ஓட்டைகளோடு வரும் அந்த பிரெட் சூப்புக்கு அருமை. சால்னா ஓட்டை வழியாகச் சட்டைக்கு வந்துவிடும்.

நம் ஃப்ரிட்ஜ் முறைக்கு, சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு ஈஸ்ட்டை மாவோடு கலந்துவிட்டுத்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும். மிகக் குளிர்ந்த தண்ணீர் இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டில் நேரடியாகப் பட்டால் அதன் வீரியம் குறையும். தண்ணீர் எவ்வளவு குளிர்ச்சி என்பதற்கு பேக்கரிக்காரர்களின் கணக்கு இது: பிசைந்த மாவு 27 டிகிரியில் இருக்க வேண்டும். 27ஐ மூன்றால் பெருக்கினால் 81. அறை 32, மாவு 32 கழித்தால் 17. கை உராய்வுக்கு இரண்டு கழித்தால் 15 டிகிரி. குழாய்த் தண்ணீரும் ஃப்ரிட்ஜ் தண்ணீரும் ஏறக்குறைய பாதிப் பாதி கலந்தால் அந்தக் குளிர்ச்சி வரும்.

கலந்ததும் கையில் ஒட்டும். உடனே மாவு தூவாதீர்கள். மூடி 15 நிமிடம் விட்டால் மைதா தண்ணீரைத் தானாக இழுத்து, பாதிப் பிசைந்தது போல ஆகிவிடும். பிறகு உப்பும் வெண்ணெயும் சேர்த்துப் பத்து நிமிடம் பிசைய வேண்டும். வெண்ணெய் போட்டதும் மாவு கிழிந்து வழுக்கும். அது சாதாரணம், இரண்டு நிமிடத்தில் கூடிவிடும். எலுமிச்சை அளவு பிய்த்து இரு கைகளாலும் இழுத்தால், விரல் நிழல் தெரியும் அளவுக்குக் கிழியாமல் சவ்வு போல விரிய வேண்டும். கிழிந்தால் இன்னும் மூன்று நிமிடம். எண்ணெய் தடவிய மூடி போட்ட டப்பாவில் வைத்து நேரே ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிடுங்கள். உள்ளே போன பிறகும் முழுதாகக் குளிர ஒன்றிரண்டு மணி நேரமாகும், அதற்குள்ளேயே பாதி உப்பிவிடும்.

கோதுமை மாவு கலக்க விரும்பினால் 350 கிராம் மைதாவுக்கு 150 கிராம் ஆட்டா, தண்ணீர் 330 மில்லி. முழுக்க ஆட்டா என்றால் தவிட்டுத் துகள்கள் அந்தச் சவ்வை அறுத்துவிடுவதால் செங்கல் கனத்தில்தான் வரும்.

காலை ஒன்பதரைக்கு வெளியே எடுத்துக் காற்றை அமுக்கி, குளிர்ச்சியோடே 16 உருண்டை பிடியுங்கள். குளிர்ந்த மாவு ஒட்டாது. அடிப்பக்கத்துக்கு இழுத்துச் செருகி, மேல்தோல் இறுக்கமாக இருக்கும்படி உருட்ட வேண்டும். தளர்வாக உருட்டினால் தோலுக்கடியில் பெரிய ஓட்டை விழும். டின்னில் ஒன்றே கால் மணி நேரம். ஈர விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாகப் பாதி நிரம்ப வேண்டும். உடனே எழும்பினால் போதவில்லை, எழும்பவே இல்லை என்றால் கடந்துவிட்டது. தயங்காமல் அடுப்பில் வைத்துவிடுங்கள். அடியில் மட்டும் அழுத்தமாக மாவுப் பட்டை தெரிந்தால் உப்பல் போதவில்லை என்றோ அடிச்சூடு குறைவு என்றோ பொருள்.

பதினொன்றே கால் வாக்கில் பன் வெளியே வந்துவிடும். தலையில் வெண்ணெய் தடவித் துணி போட்டு மூடினால் மேல்தோல் மெத்தென்று இருக்கும்.

பக்கத்துப் பர்னரில்

உருண்டைகள் டின்னில் உப்பும் அந்த ஒன்றே கால் மணி நேரம் சால்னாவுக்கு. எலும்போடு 750 கிராம் ஆட்டுக்கறி, சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி 3, இஞ்சிப் பூண்டு விழுது ஒன்றரை மேஜைக்கரண்டி. பட்டை, கிராம்பு, ஏலக்காய், கல்பாசி, சோம்பு தாளித்து வதக்கி, மஞ்சள்தூள், ஒன்றரை டீஸ்பூன் மிளகாய்த்தூள், ஒரு மேஜைக்கரண்டி மல்லித்தூள் போட்டு, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் குக்கரில் ஐந்து விசில், பிறகு சிறுதீயில் பத்து நிமிடம். முற்றிய ஆடானால் இன்னும் இரண்டு விசில். அரை மூடித் தேங்காய், ஒரு மேஜைக்கரண்டி பொட்டுக்கடலை, ஒரு டீஸ்பூன் கசகசாவை மையாக அரைத்துக் கடைசியில் ஊற்றி எட்டு நிமிடம் கொதிக்க விட்டால் மேலே எண்ணெய் பிரியும். பன்னுக்கு என்றால் தண்ணியாகவே இருக்கட்டும். ஆறும்போது தானாகவே கெட்டியாகும்.

பாயாவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் குக்கர் வேண்டும், அதனால் அதைச் சனிக்கிழமையே வேகவைத்து வைப்பதுதான் புத்திசாலித்தனம். அதன் பிசின் போன்ற சாறுக்குப் பன்னை விடக் கனமாக வெட்டிய பிரெட் துண்டு பொருத்தம். சைவ வீட்டில் பட்டாணி, உருளைக்கிழங்கு, காலிஃபிளவர் போட்ட குருமா அரை மணி நேர வேலை. தோசைக்கல் முறையோடு சேர்த்தே ஓட்டிவிடலாம்.

மிஞ்சினால்

வீட்டு பிரெட்டில் கடையில் போடுவது போன்ற பூஞ்சைத் தடுப்பு கிடையாது, எனவே வெளியில் இரண்டு நாள்தான். ஃப்ரிட்ஜில் வைத்தால் பூஞ்சை சீக்கிரம் வராது, ஆனால் அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் வேகமாக இறுகும், காய்ந்த பிரெட்டாகிவிடும். ஆறியதும் வெட்டி ஃப்ரீசரில் வையுங்கள், எடுத்து நேரே டோஸ்ட் செய்யலாம். கோடையில் இரண்டாம் நாள் உள்ளே பழுத்த அன்னாசி வாடை அடித்து, பிய்த்தால் நூல் நூலாக இழுத்தால் அது ஒருவகைப் பாக்டீரியாவின் வேலை. சுடும் சூட்டிலும் சாகாத வித்துகள் மாவிலேயே இருக்கும். அந்தப் பிரெட்டை முழுக்கக் கொட்டிவிட்டு, டின்னையும் பலகையையும் வினிகர் போட்டுக் கழுவி, அடுத்த முறை மாவில் ஒரு டீஸ்பூன் வினிகர் சேர்த்துக்கொள்ளுங்கள்.